செத்த டேப் சொல்லாது: வாசகர் கேள்வி-பதில்

வலைச் செயலி எழுதுவோர் அனுப்பியவற்றில் இந்த இதழுக்கு டேப் கிராஷ் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பில்லிங் செயலியில் ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளைத் தெரிவிக்கும் விண்டோ.ஆன்எரர், அன்ஹேண்டில்ட்ரிஜெக்‌ஷன் இரண்டையும் பிடித்துச் சர்வருக்கு அனுப்புகிறோம். ஆனால் வாடிக்கையாளர்கள் போன் செய்து 'ஆவ், ஸ்னாப்' என்று குரோமின் கிராஷ் அறிவிப்பு திரையில் வருகிறது என்கிறார்கள். எங்கள் லாகில் ஒரு வரிகூட இல்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் கோடில் தவறு இல்லை. எரர் வேறு, கிராஷ் வேறு. எரர் வரும்போது ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் ஆன்எரரைக் கூப்பிட முடிகிறது. கிராஷ் என்றால் பக்கத்தை ஓட்டிக்கொண்டிருந்த ரெண்டரர் பிராசஸே போய்விட்டது. குரோம் 2008-இல் வெளிவந்தபோதே பக்கங்களைத் தனித்தனி பிராசஸில் ஓட்டியது. பயர்பாக்ஸ் 2016-இல் அந்த வழிக்கு வந்தது. பிராசஸ் விழுந்த நொடியில் அதற்குள் இருந்த எல்லாமே முடிந்துவிடும். ட்ரை-கேட்ச் ஓடாது, பக்கத்தை விட்டுப் போகும்போது வரும் பிஃபோர்அன்லோட், பேஜ்ஹைட் நிகழ்வுகள் ஓடாது, சர்வருக்குத் தகவல் அனுப்பும் சென்ட்பீக்கனை அழைக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் தொடங்கிய டெடிகேட்டட் ஒர்க்கரும் அதே பிராசஸில்தான் இருந்தது, அதுவும் போயிற்று.

ஆகவே தகவல் சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர்: பிரவுசர், அதே தளத்தின் வேறொரு டேப் அல்லது சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்துக்கு வெளியே பிரவுசர் ஓட்டும் ஸ்கிரிப்ட்), அல்லது அதே டேப் மறுபடி லோட் ஆகும்போது வரும் புதிய பக்கம். எந்த முறையை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும்.

கேள்வி: பிரவுசரே சொல்லிவிடும் என்றால் அதையே நம்பலாமே? பிரவுசரே சர்வருக்கு அறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்டிங் ஏபிஐ வைத்துப் பார்த்தோம். ரிப்போர்ட்டிங்அப்சர்வரில் ஒன்றும் வரவில்லை, சர்வருக்கு வரும் பாடியும் காலியாக இருக்கிறது.

பதில்: இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். அப்சர்வர் என்பது பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். பக்கமே இல்லாதபோது அது எதைப் பார்க்கும்? கிராஷ் ரிப்போர்ட் சர்வருக்கு மட்டுமே போகும். அதற்கு ரெஸ்பான்ஸில் 'ரிப்போர்ட்டிங்-எண்ட்பாயிண்ட்ஸ்' ஹெடரைக் கொடுத்து, அதில் 'டிஃபால்ட்' என்ற பெயருக்கு உங்கள் முகவரியை எழுதுங்கள். எச்டிடிபிஎஸ் கட்டாயம். முகவரி வேறு ஆரிஜினில் இருந்தால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும்; அதற்கு சரியான கோர்ஸ் பதில் (வேறு ஆரிஜினுக்கு அனுமதி தரும் ஹெடர்கள்) இல்லையென்றால் ரிப்போர்ட் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

காலி பாடிக்குக் காரணம் கன்டென்ட்-டைப். அது 'அப்ளிகேஷன்/ஜேசன்' இல்லை, 'அப்ளிகேஷன்/ரிப்போர்ட்ஸ்+ஜேசன்'. நோட்.ஜேஎஸ் சர்வர் கட்டமைப்பான எக்ஸ்பிரஸின் ஜேசன் பார்சர் இயல்பாக முதல் வகையை மட்டுமே திறக்கும். பார்சரின் டைப் ஆப்ஷனில் இரண்டாவதையும் சேருங்கள். வருவது ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் டைப், ஏஜ், யூஆர்எல், பாடி இருக்கும். ஏஜ் மில்லிசெகண்டில் இருக்கும். ரிப்போர்ட் உடனே வராது, சேர்த்துவைத்துப் பிறகே அனுப்பப்படும் என்பதால் நேரத்தைக் கணக்கிட ஏஜைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பாடியில் ரீசன் 'ஓஓஎம்' என்றால் நினைவகம் தீர்ந்தது. 'அன்ரெஸ்பான்சிவ்' என்றால் பக்கம் உறைந்து, அதனால் மூடப்பட்டது. ரீசனே இல்லையென்றால் வேறேதோ. யூஆர்எல்லில் ஹேஷுக்குப் பின்னுள்ள பகுதி வெட்டப்பட்டே வரும். ஹேஷ் ரவுட்டிங் செய்யும் செயலியில் எல்லாக் கிராஷும் முகப்புப் பக்கத்தில் நடந்தது போலத் தெரியும்.

இதையே நம்பலாமா என்றால், குரோம், எட்ஜ் வகைக்கு நம்பலாம், இருப்பதில் இதுதான் மிகச் சுத்தமான தகவல். சஃபாரியும் பயர்பாக்ஸும் கிராஷ் ரிப்போர்ட் அனுப்புவதில்லை. ஐபோன் பயனர்கள் அதிகமுள்ள செயலிக்கு இது பாதிப் பதில்.

கேள்வி: இணையத்தில் பல இடங்களில் சொல்லியிருப்பதைப் போல, பக்கம் 5 நொடிக்கு ஒருமுறை சர்வீஸ் ஒர்க்கருக்கு 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும், 15 நொடி செய்தி வராவிட்டால் ஒர்க்கர் 'கிராஷ்' என்று சர்வருக்குச் சொல்லும் என்று அமைத்தோம். மதிய உணவு நேரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் கிராஷ் காட்டுகிறது!

பதில்: சாப்பிடப் போனவர்களின் டேப்களைத்தான் நீங்கள் செத்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த முறை ஒரு வரியில் சொல்ல எளிது, நடைமுறையில் நான்கு இடத்தில் இடறும்.

முதலாவது, பின்னணி டேப்பின் டைமர். மறைந்திருக்கும் டேப்பின் டைமரை குரோம் நொடிக்கு ஒன்றாகக் குறைக்கும். 2021-இல் வந்த குரோம் 88 முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்து ஒலி ஏதும் எழுப்பாத டேப்பில் தொடர் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓடும். உங்கள் 15 நொடி கெடு அங்கேயே முறிந்துவிடுகிறது.

இரண்டாவது, லேப்டாப்பை மூடினால் எல்லாம் நிற்கும். திறந்ததும் ஒர்க்கர் முதலில் விழித்து நேரத்தைப் பார்த்தால் 40 நிமிட இடைவெளி, உடனே 'கிராஷ்'. பிரவுசர் டேப்பை உறையவைத்தாலும், பின்செல் கேஷில் (பின்செல் பொத்தானுக்காகப் பக்கத்தை அப்படியே நிறுத்திவைக்கும் இடம்) வைத்தாலும் இதே கதை.

மூன்றாவது, டேப் உயிரோடு இருந்து மெயின் த்ரெட் மட்டும் அடைபட்டிருக்கலாம். ஒரு அலெர்ட் பெட்டி திறந்திருந்தாலே போதும், ஹார்ட்பீட் (அந்த 'இருக்கிறேன்' செய்தி) நின்றுவிடும்.

நான்காவதுதான் பலர் கவனிக்காதது. சர்வீஸ் ஒர்க்கர் வேலையில்லாமல் 30 நொடி இருந்தால் குரோம் அதை நிறுத்திவிடும். உள்ளே ஓடும் செட்இன்டர்வல் அதைக் காப்பாற்றாது. நிறுத்தியதும் குளோபல் மாறியில் வைத்த 'கடைசியாகக் கேட்ட நேரம்' எல்லாம் காலி. போதாக்குறைக்கு, குரோம் சர்வீஸ் ஒர்க்கரை அதே தளத்தின் பக்கம் ஓடும் ரெண்டரர் பிராசஸிலேயே வைப்பது உண்டு. அப்படியானால் பக்கம் விழும்போது காவல்காரனும் சேர்ந்தே விழுவான். பொய்க் கிராஷை நூறாகக் காட்டிவிட்டு உண்மைக் கிராஷில் வாய்மூடி இருப்பது இதனால்தான்.

இதைத் தைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம், கைவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. வைத்தே தீர வேண்டுமென்றால் விசிபிலிட்டிஸ்டேட் 'விசிபிள்' ஆக இருக்கும்போது மட்டும் ஹார்ட்பீட் அனுப்புங்கள், மறையும்போது 'நிறுத்துகிறேன்' என்று ஒர்க்கரிடம் சொல்லிவிடுங்கள், நேரத்தைப் பிரவுசரின் உள் தரவுத்தளமான இண்டெக்ஸ்டுடிபியில் எழுதுங்கள்.

கேள்வி: டேப்புக்கென்று தனியாக உள்ள சேமிப்பான செஷன்ஸ்டோரேஜில் ஒரு கொடி வைக்கிறோம். திறக்கும்போது 'பெண்டிங்', பிஃபோர்அன்லோடில் 'ட்ரூ'. அடுத்த லோடில் 'பெண்டிங்' இருந்தால் கிராஷ். இது போதுமா? இதைவிட நல்ல வழி உண்டா?

பதில்: அடித்தளம் நல்லது. டேப் கிராஷ் ஆகி, பயனர் ரீலோட் அழுத்தினால் அதே செஷன்ஸ்டோரேஜ் திரும்பக் கிடைக்கும் என்பதால் இது வேலை செய்கிறது. ஓட்டைகள் நான்கு. ஐபோன் சஃபாரியில் பிஃபோர்அன்லோடை நம்ப முடியாது. பிஃபோர்அன்லோடில் 'வெளியேறவா?' என்று கேட்டு பயனர் 'இல்லை' என்றால், கொடி 'ட்ரூ' ஆகிவிட்ட பக்கம் தொடர்ந்து ஓடும். பின்னால் கிராஷ் ஆனால் தெரியாது. டேப்பை டூப்ளிகேட் செய்தால் செஷன்ஸ்டோரேஜும் நகலாகும். புதிய டேப் 'பெண்டிங்' கொடியோடு பிறந்து, பிறந்ததுமே கிராஷ் என்று கத்தும். கிராஷ் ஆன டேப்பை ரீலோட் செய்யாமல் பயனர் மூடிவிட்டால் எதுவுமே தெரியாது.

இந்த நான்கையும் அடைக்க உதவுவது வெப் லாக்ஸ், அதாவது பிரவுசர் தரும் பெயரிட்ட பூட்டு. குரோம் 69, பயர்பாக்ஸ் 96, சஃபாரி 15.4 முதல் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு பெயரில் லாக்கைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பக்கம் எந்த விதத்தில் போனாலும் பிரவுசரே லாக்கை விடுவிக்கும். டைமர் வேண்டாம், கெடு வேண்டாம். செய்முறை இது:

பக்கம் திறந்ததும் செஷன்ஸ்டோரேஜில் டேப் ஐடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி-யால் ஒன்றை உருவாக்குங்கள். இருந்தால், அந்த ஐடியின் பெயரில் லாக்கை 'இஃப்அவைலபிள்' ஆப்ஷனோடு கேளுங்கள். கிடைக்காமல் நல் வந்தால் அந்த ஐடிக்குச் சொந்தக்காரர் வேறு டேப்பில் உயிரோடு இருக்கிறார், இது டூப்ளிகேட். புதிய ஐடி எடுத்துக்கொள்ளுங்கள். லாக் கிடைத்தால் அந்த ஐடியின் பழைய பதிவைப் படியுங்கள், அங்கேதான் தீர்ப்பு இருக்கிறது.

லாக்கின் கால்பேக், முடிவே வராத ஒரு பிராமிஸைத் திருப்பித் தர வேண்டும். அதன் ரிசால்வ் ஃபங்ஷனை வெளியே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவை, தளத்தின் எல்லா டேப்பும் படிக்கக்கூடிய லோக்கல்ஸ்டோரேஜில் எழுதுங்கள்: நிலை, நேரம், எந்தத் திரை, எந்த பில்டு. இதை லாக் கைக்கு வந்த பிறகு, கால்பேக்குக்கு உள்ளேதான் எழுத வேண்டும். முன்னதாக எழுதினால், லாக் இல்லாத பதிவைப் பார்த்து மற்ற டேப் உங்களைச் செத்ததாக அறிவித்துவிடும்.

நிலை மூன்றுதான். கண்ணுக்குத் தெரியும்போது 'தெரிகிறது'; விசிபிலிட்டிசேஞ்ச் வந்து மறைந்ததும் 'மறைந்தது'; பேஜ்ஹைடில் 'விடைபெற்றது', கூடவே லாக்கையும் விட்டுவிடுங்கள். லாக்கைப் பிடித்தபடி இருந்தால் குரோம் பக்கத்தைப் பின்செல் கேஷில் வைக்காது. பேஜ்ஷோவில் பெர்சிஸ்டட் ட்ரூ என்று வந்தால் லாக்கைத் திரும்ப எடுத்து நிலையை மாற்றுங்கள். பிஃபோர்அன்லோட் இதில் எங்கும் இல்லை.

இப்போது தீர்ப்பு. லாக் யாரிடமும் இல்லை, பதிவு 'தெரிகிறது' என்றால் பயனர் பார்த்துக்கொண்டிருந்தபோதே டேப் போயிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய எண்ணிக்கை இதுதான். 'மறைந்தது' என்றால் பெரும்பாலும் போனின் ஓஎஸ் நினைவகத்துக்காகத் தூக்கியிருக்கும், அல்லது பயனர் செயலியை மேலே தள்ளி மூடியிருப்பார், அல்லது குரோம் நினைவகத்தை மிச்சப்படுத்த டேப்பை டிஸ்கார்ட் செய்திருக்கும். கடைசியதை உறுதிசெய்ய டாக்குமென்ட்.வாஸ்டிஸ்கார்டட் ட்ரூவா என்று பார்க்கலாம். இவற்றைத் தனிக் கணக்கில் போடுங்கள், கிராஷோடு கலந்தால் போன் பயனர்கள் உங்கள் அட்டவணையை மூழ்கடித்துவிடுவார்கள்.

ரீலோட் செய்யாமல் மூடப்பட்ட டேப்களுக்கு: எந்தப் பக்கம் திறந்தாலும் லோக்கல்ஸ்டோரேஜில் உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒரு சுற்று பார்க்கட்டும். நேவிகேட்டர்.லாக்ஸ்.குவரி இப்போது பிடிபட்டிருக்கும் லாக்குகளைத் தரும். அதில் இல்லாத, 'விடைபெற்றது' என்றும் எழுதாத ஐடிகளை சர்வருக்கு அனுப்பி அழித்துவிடலாம். இரண்டு டேப் ஒரே நேரத்தில் இந்தச் சுற்றுக்குப் போனால் இரட்டை ரிப்போர்ட் வரும். சுற்றுக்கும் ஒரு லாக் போட்டு 'இஃப்அவைலபிள்' என்று கேட்டால் ஒருவரே செய்வார். டேப் தன் பழைய ஐடியின் பதிவைத் தானே படித்து முடித்த பிறகே இந்தச் சுற்றைத் தொடங்க வேண்டும்.

மின்வெட்டு, பிரவுசர் மொத்தமாக விழுவது ஆகியவையும் 'தெரிகிறது' என்றே பதிவாகியிருக்கும். தெரியும் நிலையில் 30 நொடிக்கு ஒருமுறை நேரத்தை மட்டும் புதுப்பித்து வையுங்கள்; பக்கம் ஏறத்தாழ எப்போது போனது என்று தெரியும். ஆனால் ஒற்றைச் சாளரம் திறந்திருந்தபோது மின்சாரம் போனதா, டேப் விழுந்ததா என்று வலைப்பக்கத்துக்குள்ளிருந்து பிரித்துச் சொல்ல வழி கிடையாது. குரோமில் வரும் ரிப்போர்ட்டிங் ஏபிஐ தகவலோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: ஒரே பயனரிடமிருந்து ஒரே நொடியில் மூன்று கிராஷ். எண்ணும் கோடில் பிழையா?

பதில்: மூன்று டேப்பும் ஒரே பிராசஸில் இருந்திருக்கும். விண்டோ.ஓப்பனால் திறந்த அதே தளத்தின் பக்கங்கள் பெரும்பாலும் பிராசஸைப் பகிரும். ஒன்று இழுத்தால் எல்லாம் விழும். ஒரே பயனர், சில நொடி இடைவெளி என்றால் ஒரு கிராஷாக எண்ணுங்கள்.

கேள்வி: கிராஷ்களில் பாதிக்கு மேல் 'ஓஓஎம்'. எங்கள் படிவத்தில் பயனர் 20 போட்டோ வரை ஏற்றுவார், ஒவ்வொன்றும் 4 எம்பிதான். ஹீப் (ஜாவாஸ்கிரிப்ட் நினைவகம்) ஸ்னாப்ஷாட்டில் 60 எம்பிக்கு மேல் காட்டவில்லையே?

பதில்: 4 எம்பி என்பது சுருக்கிய ஜேபெக்கின் அளவு. திரையில் காட்டவோ கேன்வாஸில் வரையவோ விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 12 மெகாபிக்சல் படம் 4000×3000, அதாவது 48 எம்பி. இருபதும் ஒன்றாக விரிந்தால் 960 எம்பி. 2 ஜிபி ராம் உள்ள போனில் அந்த டேப் எப்படி நிற்கும்? விரித்த படங்களும் கேன்வாஸும் ஜாவாஸ்கிரிப்ட் ஹீப்புக்கு வெளியே இருப்பதால் ஸ்னாப்ஷாட் சாதுவாகத் தெரிகிறது. பெர்ஃபாமன்ஸ்.மெமரியும் ஹீப்பை மட்டுமே சொல்லும், அதுவும் குரோம் வகையில் மட்டும். சோதனையின்போது ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி குரோமின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த டேப்பின் 'மெமரி ஃபுட்பிரிண்ட்' நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே உண்மை தெரியும்.

சரிசெய்ய: படங்களை ஒவ்வொன்றாக, முந்தையது முடிந்த பிறகே எடுங்கள், பிராமிஸ்.ஆல் இங்கே எதிரி. கிரியேட்இமேஜ்பிட்மேப்பில் ரீசைஸ்விட்த் 1600 என்று கொடுத்துச் சிறிதாக்கி, ப்ளாபாக மாற்றி, பிட்மேப்பை க்ளோஸ் செய்யுங்கள். கேன்வாஸை விடும் முன் அகலம், உயரம் இரண்டையும் 0 ஆக்குங்கள், சஃபாரிக்கு இது முக்கியம். முன்னோட்டத்துக்கு மூலப் படத்தைச் சிஎஸ்எஸ்ஸால் சுருக்கிக் காட்டினால் விரித்த அளவு குறையும் என்று எண்ண வேண்டாம். சிறிதாக்கிய ப்ளாபையே காட்டுங்கள். கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல் ஒவ்வொன்றுக்கும் படம் லோட் ஆனதும் ரிவோக் வேண்டும். பேஸ்64 சரமாக வைத்திருந்தால் அதை முதலில் தூக்குங்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஐபோனில் கேன்வாஸ் பிரவுசரின் பிக்சல் வரம்பைத் தாண்டினால் கிராஷ் ஆகாது, வெறுமையாக வரும். 'வெள்ளைப் படம் ஏறுகிறது' என்று புகார் வந்தால் இதைப் பாருங்கள்.

கேள்வி: வேண்டுமென்றே டேப்பைக் கிராஷ் செய்து சோதிக்க என்ன வழி? முடிவில்லா லூப் எழுதினால் டேப் தொங்குகிறதே தவிர விழவில்லை.

பதில்: லூப் கொடுப்பது தொங்கல்தான். சோதிக்க வேண்டிய டேப்பின் முகவரிப் பட்டையில் குரோம்://கிராஷ் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், அந்த டேப்பின் ரெண்டரர் அப்போதே விழும். குரோம்://கில் பிராசஸைக் கொல்லும், குரோம்://ஹேங் தொங்கவிடும், குரோம்://மெமரி-எக்ஸாஸ்ட் நினைவகத்தைத் தீர்க்கும். டிஸ்கார்டுக்கு குரோம்://டிஸ்கார்ட்ஸ் பக்கத்தில் டேப் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் அருகே டிஸ்கார்ட் செய்யும் இணைப்பும் உண்டு. பயர்பாக்ஸில் அபவுட்:கிராஷ்கன்டென்ட். மெமரி சோதனைக்கு முன் மற்ற வேலைகளைச் சேமித்துவிடுங்கள், கணினி முழுதும் சிறிது நேரம் திணறும்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு உங்கள் பதிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். சாதாரண ரீலோட், வேறு தளத்துக்குப் போய்ப் பின்செல்வது, டூப்ளிகேட், லேப்டாப்பை மூடித் திறப்பது ஆகிய நான்கிலும் கிராஷ் எண்ணிக்கை 0 ஆக இருக்க வேண்டும். பலர் கிராஷைச் சோதிப்பார்கள், இந்த நான்கை விட்டுவிடுவார்கள்.

கேள்வி: தானியங்கிச் சோதனைகள் எங்கள் கணினியில் ஓடுகின்றன, டாக்கர் கன்டெய்னரில் மட்டும் 'பேஜ் கிராஷ்ட்' என்று நிற்கின்றன.

பதில்: அநேகமாக /டெவ்/எஸ்எச்எம், அதாவது பிராசஸ்கள் பகிரும் நினைவகப் பகுதி. டாக்கர் அதற்கு இயல்பாகத் தருவது 64 எம்பி. குரோமுக்கு அது போதாது. கன்டெய்னரைத் தொடங்கும்போது எஸ்எச்எம்-சைஸை 1 ஜிபி ஆக்குங்கள். முடியாவிட்டால் குரோமுக்கு டிசேபிள்-டெவ்-எஸ்எச்எம்-யூசேஜ் கொடி கொடுங்கள், அது /டிஎம்பி-யைப் பயன்படுத்திக்கொள்ளும். சோதனைக் கோடில் கிராஷைப் பிடிக்க பிளேரைட் சோதனைக் கருவியில் 'கிராஷ்' நிகழ்வு இருக்கிறது. அதே வகைக் கருவியான பப்பிட்டியரில் பெயர் குழப்பம்: 'எரர்' என்பதுதான் பக்கம் கிராஷ் ஆனது, 'பேஜ்எரர்' வெறும் ஜாவாஸ்கிரிப்ட் பிழை.

கேள்வி: அதே செயலியை ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்களில் வெப்வியூவாக (ஆப்புக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) வைத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டில் மொத்த ஆப்பும் மூடிக்கொள்கிறது. ஐபோனில் வெள்ளைத் திரை.

பதில்: இங்கே நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், வெளியே இருக்கும் நேட்டிவ் கோடுக்கே தகவல் வருகிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் வெப்வியூகிளையண்டில் ஆன்ரெண்டர்பிராசஸ்கான் அழைக்கப்படும். நீங்கள் அதை எழுதாவிட்டால், அல்லது ஃபால்ஸ் திருப்பினால் ஆப் கொல்லப்படும்; உங்களுக்கு நடப்பது அதுதான். உள்ளே அந்த வெப்வியூவைத் திரையிலிருந்து கழற்றி, டெஸ்ட்ராய் செய்து, புதியது ஒன்றை உருவாக்கி, ட்ரூ திருப்புங்கள். பழையதையே ரீலோட் செய்ய முயல வேண்டாம், அது இனி உதவாது. கூட வரும் டிட்கிராஷ் ட்ரூ என்றால் உண்மைக் கிராஷ், ஃபால்ஸ் என்றால் நினைவகத்துக்காக ஓஎஸ் எடுத்தது.

ஐபோனில் வெப்வியூவெப்கன்டென்ட்பிராசஸ்டிட்டெர்மினேட் என்ற டெலிகேட். அதில் ரீலோட் செய்தால் வெள்ளைத் திரை போகும். ஆனால் யூஆர்எல் நில்லாக இருக்கக்கூடும். கடைசி முகவரியைத் தனியே வைத்திருந்து அதை லோட் செய்யுங்கள். இரண்டு தளத்திலும், நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் விழுந்தால் மறுலோடை நிறுத்தி ஒரு பிழைத் திரை காட்டுங்கள். பக்கத்தின் முதல் திரையே கிராஷுக்குக் காரணம் என்றால் ஆப் விழுந்து எழுந்து பேட்டரியைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: கிராஷ் என்று தெரிந்த பிறகு சர்வருக்கு என்னென்ன அனுப்புவது? பயனர் தட்டிக்கொண்டிருந்த படிவத்தையும் அனுப்பலாமா?

பதில்: படிவத்தை அனுப்பாதீர்கள், அது பயனருடையது, அவர் இன்னும் 'சமர்ப்பி' அழுத்தவில்லை. அனுப்ப வேண்டியவை: பில்டு எண், திரையின் பெயர், பக்கம் திறந்து எவ்வளவு நேரம், கடைசி பத்துச் செயல்களின் பெயர்கள் மட்டும், டாம் எலிமெண்ட் எண்ணிக்கை, கிடைத்தால் நேவிகேட்டர்.டிவைஸ்மெமரி (கருவியின் ராம் அளவு). 'பக்கம் திறந்து எவ்வளவு நேரம்' என்பதே பல சமயம் வழக்கை முடித்துவைக்கும்: எல்லாம் 6 மணி நேரத்துக்குப் பிறகு விழுந்தால் கசிவு, எல்லாம் முதல் நிமிடத்தில் விழுந்தால் ஏதோ ஒரு திரை ஒரேயடியாக அதிகம் கேட்கிறது.

படிவத்தைப் பயனரின் பிரவுசரிலேயே வையுங்கள். தட்டுவது நின்று ஒரு நொடி கழித்து இண்டெக்ஸ்டுடிபியில் எழுதினால் போதும்; கிராஷில் அதிகபட்சம் கடைசி வாக்கியம் போகும். திரும்ப வரும்போது தானாக நிரப்பாமல் 'முடிக்காத படிவம் இருக்கிறது, தொடரலாமா?' என்று கேளுங்கள். அந்தப் படிவத்தின் தரவே கிராஷுக்குக் காரணமாக இருந்தால், தானாக நிரப்புவது அவரைத் திரும்பத் திரும்ப அதே குழியில் தள்ளும். கடவுச்சொல், கார்டு எண் புலங்களைச் சேமிப்பிலிருந்து விலக்கிவிடுங்கள்.